கெல்ஷமில் பெயர் மாற்றக் கூட்டம்

சனிக்கிழமை காலை ஏழரைக்கே கிளேட்டன் ரயில் நிலையத்தில் போய் நின்றுவிட்டேன். ஏழே முக்காலுக்குத்தான் ரயில். நான் இருக்கும் ரோவிலுக்கு இன்னும் ரயில் பாதை இல்லை. வரும் வரும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொல்கிறார்கள், நாங்களும் காரை எடுத்துக்கொண்டு கிளேட்டனுக்கு வருகிறோம். என்னை இறக்கிவிட்டவள் மதுரா. என் தங்கை கலாவின் மகள். எங்கள் வீட்டில் தங்கித்தான் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "அப்பாவைச் சொன்ன சைடிலயே நிக்கச் சொல்லுங்கோ பெரியம்மா, இட்ஸ் நாட் தட் ஹார்ட்" என்று சொல்லிவிட்டுக் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். இருபது வயதில் எல்லாம் சுலபம்தான்.

நான் போகிற ஊரின் பெயர் கெல்ஷம். மெல்பேர்னில் இருப்பவர்களுக்கே தெரியாத ஊர். கிழக்கே போகும் வெளியூர் ரயிலில் சேல் நகரம் வரைக்கும் இரண்டேகால் மணி நேரம், டிக்கெட் பதினொரு டொலர் சொச்சம். அங்கிருந்து வடக்கே காரில் முப்பத்தெட்டுக் கிலோமீட்டர். ஒரு தெரு, ஒரு பள்ளிக்கூடம், ஒரு பப், ஒரு பொதுமண்டபம், ஒரு பெற்றோல் கடை. அந்தப் பெற்றோல் கடை கலாவும் அவள் கணவர் ரவியும் நடத்துவது. பெற்றோல், பாண், பால், மீன்பிடித் தூண்டில், தபால் என்று எல்லாம் அங்கேதான். சுற்றிவர இருப்பது பால்மாட்டுப் பண்ணைகள்.

வியாழக்கிழமை பின்னேரம் கலா அழைத்திருந்தாள். கெல்ஷம் என்ற பெயரை மாற்றி, அந்த மண்ணின் பூர்வகுடிகள் அதற்கு வைத்திருந்த பெயரையே திரும்ப வைப்பதா என்று முடிவு சொல்ல ஊர்க்கூட்டம் வைக்கிறார்களாம். கூட்டத்தின் முடிவு நகரசபைக்குப் போகும். மாற்ற வேண்டும் என்று எழுந்து பேசுவதற்கு ரவி ஒப்புக்கொண்டுவிட்டாராம். ஊரில் பாதிப் பேர் மாற்றக்கூடாது என்று கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். "அவையள் கோவிச்சுக்கொண்டு கடைக்கு வராட்டி நாங்கள் என்ன செய்யிறது அக்கா? அடுத்த பெற்றோல் கடை இருபது கிலோமீட்டரிலதான் இருக்கு. ஆனால் எல்லாரிட்டயும் வாகனம் இருக்கே. நீங்கள் வந்து சொன்னால்தான் இவர் கேப்பார்." நான் சொன்னால் ரவி கேட்பார் என்பது கலாவின் நம்பிக்கை. ரவி எல்லோர் சொல்லையும் கேட்பவர். அதுதான் பிரச்சினையே என்று எனக்குப் பிறகு தெரிந்தது.

பக்கன்ஹாம் தாண்டியதும் வீடுகள் குறைந்து பச்சை வெளி தொடங்கியது. ஜூன் மாதக் குளிர். மாடுகள் மூச்சில் புகை விட்டுக்கொண்டு நின்றன. வாரகலில் என் எதிர் இருக்கையில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி வந்து உட்கார்ந்தார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கெல்ஷம் என்றேன். தானும் அங்கேதான் என்று முகம் மலர்ந்தார். பெயர் மார்கரெட். மகள் வீட்டில் நின்றுவிட்டுத் திரும்புகிறார். ஊர் மண்டபத்தின் பின்னறையில் பழைய படங்களையும் கருவிகளையும் வைத்து ஒரு சிறு காட்சியறை நடத்துகிறவர். இன்றைய கூட்டத்துக்கு அவர்தான் தலைவர்.

மார்கரெட் பிறந்தது இங்கிலாந்தில். இந்த ஊருக்குப் பெயர் கொடுத்த கெல்ஷம் என்ற மூலக் கிராமத்துக்கு ஐந்து மைல் தள்ளி. இளவயதில் தாதியாக இங்கே வந்தவர், வரைபடத்தில் அந்தப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான் இந்த ஊருக்கே வேலை கேட்டாராம். அங்கே இருக்கும் கெல்ஷம் எப்படிப்பட்டது என்று கேட்டேன். ஒரு தேவாலயம், ஒரு பப், கிழமையில் இரண்டு நாள் வரும் ஒரு பஸ், அவ்வளவுதான் என்றார். பிறகு கைப்பையை மடியில் இருந்து இறக்கி வைத்துவிட்டு அந்தப் பெயரின் கதையைச் சொன்னார்.

இங்கிலாந்தில் முதலில் ஆற்றோரமாக இருந்த ஆட்கள் அந்த இடத்துக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது என்னவென்று இன்றைக்கு ஒருவருக்கும் தெரியாது. ஆற்றின் பெயர் மட்டும் அவர்களுடையதாக மிஞ்சியிருக்கிறது. பிறகு கடல் கடந்து வந்த சாக்சன் இனத்தவரில் கியோலா என்று ஒருவன் அங்கே காணி பிடித்தான். கியோலாவின் வீடு என்பதுதான் தேய்ந்து கெல்ஷம் ஆனது. அதற்கும் பிறகு பிரான்சில் இருந்து படையெடுத்து நோர்மன் பிரபு ஒருவன் வந்து தன் குடும்பப் பெயரையும் பின்னால் ஒட்டிவிட்டான். சில நூறு வருடங்கள் ஊர் அந்த வாலோடு இருந்தது. பிரபுவின் குடும்பம் நொடித்துப்போனதும் சனங்கள் வாலைக் கழற்றிவிட்டார்கள். காணி யார் கையில் இருந்ததோ அவன் பெயர்தான் ஊருக்கு என்று சொல்லிச் சிரித்தார் மார்கரெட்.

இங்கேயும் அதே கதைதான். முதலில் வந்த ஆட்டுப்பண்ணைக்காரன் தன் மனைவியின் பெயரை வைத்தான். நிலம் அளக்க வந்த அதிகாரி ஒருவன் அதை அடித்துவிட்டு, இங்கிலாந்தில் தான் பிறந்த கிராமத்தின் பெயரை வரைபடத்தில் எழுதினான். எழுதியவன் ஒரு குளிர்காலம்கூட இங்கே தங்கவில்லை. இதையெல்லாம் இன்றைக்குக் கூட்டத்தில் சொல்வீர்களா என்று கேட்டேன். தலைமை வகிப்பவர் பக்கம் சாயக்கூடாது என்றார். எனக்கு அது சப்பென்று இருந்தது.

அடுத்து அவர் சொன்னதில்தான் என் கையில் இருந்த பிளாஸ்குத் தேத்தண்ணி ஆறிப்போனது. பெயரைக் காக்க வேண்டும் என்ற தீர்மானத்தை பிரையன் என்ற பண்ணைக்காரர் கொண்டுவருகிறார், அதை வழிமொழியப்போவது எங்கள் பெற்றோல் கடை ரவி, நல்ல பிள்ளை என்றார். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. ரவியின் மனைவி என் தங்கை என்று நான் சொல்லவும் இல்லை. மின்நிலையத்தின் பெரிய கோபுரங்கள் யன்னலில் வந்து போயின. நான் ஒன்றையும் பார்க்கவில்லை. மாற்றுவதற்கும் பேசுகிறேன் என்று சொல்லி, மாற்றாமல் இருப்பதற்கும் வழிமொழிகிறேன் என்று சொல்லியிருக்கிறார் மனிதர்.

பத்து மணிக்குச் சேலில் இறங்கினேன். ரவி குளிர்த்தொப்பியோடு நின்றிருந்தார். நான் கலாவின் அக்கா என்று கேட்டு வியந்த மார்கரெட்டையும் காரில் ஏற்றிக்கொண்டதால் வழியில் ஒன்றும் பேச முடியவில்லை. ரவி மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் சிரித்துக் கதைத்தார். கெல்ஷம் தெருவில் மார்கரெட்டை இறக்கிவிட்டதும் நான் கேட்டுவிட்டேன். ரவி காரை ஓரமாக நிறுத்தினார்.

"ரெண்டு பேருக்கும் ஓம் எண்டுதான் சொன்னனான் அக்கா. கடைக்குள்ள வந்து நிண்டு கேக்கிற ஆளுக்கு எப்படி இல்லை எண்டு சொல்லுறது?"

வேறு யாராவது என்றால் அவரைப் பைத்தியக்காரன் என்றிருப்பார்கள். எனக்கு விளங்கியது, ஏனென்றால் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லி எங்கள் ஆட்களுக்குப் பழக்கமில்லை. கலியாணத்துக்கு வந்த சம்பந்தம் பிடிக்கவில்லை என்றால் சாதகம் பொருந்தவில்லை என்று சாத்திரியார் மேல் போட்டுவிடுவோம். கேட்ட ஆளுக்கும் விளங்கும், பேசாமல் போய்விடுவார். இங்கே பிரையனுக்குச் சாதகம் பார்க்கத் தெரியாது. ஓம் என்றால் ஓம் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கலா குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள். மண்டபத்தில் என்ன கூட்டம் நடந்தாலும் அவளுடைய மட்டன் ரோல்ஸ்தான். பிரையனுக்கும் ரவி வாக்குக் கொடுத்திருப்பது அவளுக்கும் தெரியாது. சொன்னதும் அடுப்பை அணைத்துவிட்டுக் கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பிரையன் யார் என்று அப்போதுதான் முழுதாகக் கேட்டு அறிந்தேன். இவர்கள் கடையை எடுத்த புதிதில் யாரோ இரவில் கண்ணாடிக் கதவை உடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். விடிந்ததும் பிரையன் பலகையும் ஆணியும் கொண்டுவந்து அடைத்தார். அடைத்துவிட்டுப் போகவில்லை. அன்றைக்கு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு கடை வாசலில் நின்றாராம். அதற்குப் பிறகு ஒருவரும் கடையில் கை வைக்கவில்லை.

மற்றப் பக்கம் டெனிஸ். அந்த மண்ணின் பூர்வகுடிப் பெரியவர். ஊரே அவரை அன்ரி டெனிஸ் என்றுதான் கூப்பிடும். மூத்த பெண்களை அன்ரி என்பது எங்கள் பழக்கமுமாக இருந்ததால் கலாவுக்கும் ரவிக்கும் முதல் நாளே அது வாயில் வந்துவிட்டது. பாலர் பள்ளியில் வேலை செய்தவர். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் அழுதுகொண்டிருந்த மதுராவை இடுப்பில் வைத்துக்கொண்டே மற்றப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மாற்றுவதற்குப் பேசச் சொல்லி ரவியைக் கேட்டவர் அவர்தான், அவருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

காய்ச்சல் என்று படுத்துவிடுங்கள் என்றேன் நான். கூட்டம் இரண்டு மணிக்கு, நாலு மணிக்குப் பால் கறக்க எல்லோரும் ஓடிவிடுவார்கள், அதுவரைக்கும் போர்வையைப் போர்த்திக்கொண்டு கிடந்தால் போதும். நல்ல யோசனை என்றுதான் நினைத்தேன். என்னைக் கூப்பிட்டு எடுத்ததே இப்படி ஏதாவது சொல்லத்தானே. ஆனால் கலா தலையாட்டவில்லை.

"நாளைக்கும் ரெண்டு பேரும் கடைக்கு வருவினம்தானே அக்கா. நாளைக்கு என்ன காய்ச்சல் எண்டு சொல்லுறது?" என்றாள். பிறகு கணவனைப் பார்த்து, "நீங்கள் ஒரு ஆளுக்கு இல்லை எண்டு சொல்லத்தான் வேணும். ஆர் எண்டு நீங்கள் யோசியுங்கோ. நான் ரோல்ஸை முடிக்கிறன்" என்று எழுந்தாள். ரவி முன்னால் போய்க் கடையில் நின்றுகொண்டார். பெற்றோல் அடிக்க வந்த எல்லோரும் பின்னேரம் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு முறையும் அவர் சிரித்தார்.

இரண்டு மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. கதிரைகளுக்கு நடுவே ஒரு வழி விட்டிருந்தார்கள். யாரும் சொல்லாமலே சனம் இரண்டு பக்கமாகப் பிரிந்து உட்கார்ந்தது. எனக்கு வாக்கு இல்லை, பின்வரிசையில் ரோல்ஸ் தட்டுகளுக்குக் காவலாக உட்கார்ந்தேன். ரவியும் கலாவும் எந்தப் பக்கமும் போகாமல் என் பக்கத்தில் வந்து இருந்தார்கள். பிரையன் திரும்பிப் பார்த்துத் தன் பக்கத்தில் ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினார். ரவி கையை அசைத்தார். அந்தப் பக்கத்தில் அன்ரி டெனிஸ் திரும்பிப் பார்க்கவே இல்லை.

முதலில் டெனிஸ் பேசினார். அந்த இடத்துக்குத் தன் ஆட்கள் வைத்திருந்த பெயரைச் சொன்னார், இரண்டு முறை சொன்னார், எல்லோரையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கச் சொன்னார். சிலர் சொன்னார்கள். சிலர் தரையைப் பார்த்தார்கள். முடிவாகும்வரை அதை எங்கும் அச்சில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் நானும் இங்கே எழுதவில்லை. அழகான பெயர், எங்கள் வாய்க்குச் சுலபமாக வருகிற பெயர்.

பிறகு பிரையன் எழுந்தார். தடித்த கைகள், பெரிய உடம்பு, குரல் மட்டும் நடுங்கியது. தன் தாத்தாவும் அப்பாவும் இந்தப் பெயர் எழுதிய கல்லறைகளில் கிடக்கிறார்கள் என்றார். ஆயிரம் வருடமாக மாறாத பெயர் என்றார். நான் மேடையில் இருந்த மார்கரெட்டைப் பார்த்தேன். அவர் தண்ணீர்க் குவளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். ஒரு சொல் சொன்னால் என்ன என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காலையில் ஒரு மனிதனைப் போர்வைக்குள் படுக்கச் சொன்ன எனக்கு அந்த எரிச்சல் வந்திருக்கக்கூடாதுதான், வந்தது.

தீர்மானத்தை வழிமொழிவது ரவி என்று பிரையன் சொல்லி முடித்தார். மற்றப் பக்கத்தில் சலசலப்பு. ரவி தங்கள் பக்கம் பேசுவதாக அல்லவா சொன்னார் என்று ஒரு பெண் எழுந்து கேட்டாள். மண்டபம் முழுவதும் பின்னால் திரும்பியது. மார்கரெட் என்னையும் ரவியையும் மாறி மாறிப் பார்த்தார். ரவியை முன்னால் வரும்படி அழைத்தார்.

ரவி போனார். மைக்கைத் தொடவில்லை. அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "இரண்டு பேருக்கும் ஓம் என்று சொன்னேன். அது பிழை. கடையில் நின்றுகொண்டு இல்லை என்று சொல்ல எனக்கு வராது. இங்கே சொல்கிறேன். பிரையன், உனக்கு இல்லை."

பிரையனின் கழுத்து சிவந்துகொண்டு வருவதை நான் பின்னால் இருந்து பார்த்தேன். ரவி நிறுத்தவில்லை. திருகோணமலைப் பக்கத்தில் தான் பிறந்த ஊரைப் பற்றிச் சொன்னார். சண்டையில் ஊரை விட்டு ஓடித் திரும்பி வந்தபோது ஊர்ப் பலகையில் வேறு பெயர் இருந்ததாம். பஸ்ஸில் அந்தப் புதுப் பெயரைச் சொன்னால்தான் டிக்கெட். அவருடைய அம்மா பழைய பெயரைச் சொன்னார். அப்படி ஒரு ஊர் இல்லை என்றார் கொண்டக்டர். அம்மா பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தார். இருபது வருடத்துக்கு மேலாக அவரை எனக்குத் தெரியும், இதை ஒருநாளும் சொன்னதில்லை. கலா என் கையைப் பிடித்திருந்தாள். அவளும் கேட்டதில்லை என்று அந்தப் பிடியிலேயே தெரிந்தது.

பிரையன் எழுந்தார். கோபமாகக் கத்துவார் என்று பயந்தேன். அவர் மெதுவாகத்தான் கேட்டார். "அப்படியென்றால் ஊர்ப் பெயரைப் பறித்தால் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே எனக்கு அதைச் செய்கிறாயா?"

கேள்வியில் நியாயம் இருந்தது.

"தெரியும்" என்றார் ரவி. "ஆனால் பிரையன், உன்னைக் கேட்கிறார்கள். இந்தக் கூட்டமே அதற்குத்தான். என் அம்மாவை ஒருவரும் கேட்கவில்லை. அன்ரி டெனிஸின் ஆட்களையும் ஒருவரும் கேட்கவில்லை." சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்றரைக்குக் கைகளை எண்ணினார்கள். ரவியும் கலாவும் மாற்றும் பக்கம் கை தூக்கினார்கள். மாற்றக்கூடாது என்ற பக்கம் நாலு கைகள் கூடுதல். நகரசபை என்ன செய்யுமோ தெரியாது, அன்றைய கணக்கில் கெல்ஷம் கெல்ஷமாகவே இருந்தது. யாரும் கை தட்டவில்லை. பிரையன் வென்ற ஆள் மாதிரியே இல்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு எங்களைத் தாண்டி, தட்டையும் தாண்டி, மாடு கறக்கப் போனார். அவரோடு இருந்தவர்களில் பலரும் அப்படியே போனார்கள். மிச்ச ரோல்ஸை நாங்கள் திரும்பக் கொண்டுவந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் கடை திறந்தது. பால் கறந்து முடித்துவிட்டு டீசலுக்கும் பேப்பருக்கும் முதலில் வருகிறவர் பிரையன் என்று கலா சொன்னாள். அவருடைய வெள்ளைப் பிக்கப் ஏழு மணிக்குத் தெருமுனையில் திரும்பியது. கடைக்கு முன்னால் வேகம் குறையவில்லை. நேரே அடுத்த ஊர்ப் பாதையில் போய்விட்டது. அதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வண்டிகள் அப்படியே போயின. ரவி பார்த்துக்கொண்டு நின்றார். கலா பாண் அடுக்கினாள்.

எட்டு மணிக்கு அன்ரி டெனிஸ் வந்தார். பாணும் பாலும் எடுத்தார். நன்றி கின்றி ஒன்றும் சொல்லவில்லை. நேற்று ரோல்ஸில் உறைப்புக் காணாது, யாருக்குப் பயந்து மிளகாயைக் குறைத்தீர்கள் என்று கலாவைக் கேட்டார். கலா இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். பெயர் விஷயம் என்னாகும் என்று நான் கேட்டேன். இவ்வளவு காலம் பொறுத்தாயிற்று, திரும்பவும் கேட்போம் என்றார். ரவியிடம் காசு கொடுக்கும்போது மட்டும் அவருடைய கையைக் கொஞ்ச நேரம் விடாமல் வைத்திருந்தார்.

என்னைத் திரும்பச் சேல் நிலையத்துக்கு ரவிதான் கொண்டுவந்து விட்டார். வியாபாரம் எப்படியாகும் என்று கேட்டேன். தெரியாது என்றார். போன கிழமை என்றால் எல்லாம் சரிவரும் அக்கா என்றிருப்பார். மேடையில் காற்று வெட்டியது. ரயில் வரப் பத்து நிமிடம் இருந்தது. அந்த இடைவெளியில் நான் வேறு கதைக்குத் தாவினேன். அடுத்த மாதம் என் கணவரின் அறுபதாவது பிறந்தநாள், சனிக்கிழமை பின்னேரம் மல்கிரேவில் மண்டபம் எடுத்திருக்கிறோம், இரண்டு பேரும் கட்டாயம் வரவேண்டும் என்றேன். இப்படிக் கேட்டால் அவர் "ஓம் அக்கா, பாப்பம்" என்பார். பிறகு வரமாட்டார். நான் கோபிப்பேன், அவர் போனில் குழைவார், இருபது வருடமாக அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை அக்கா, நான் வரேல்லை" என்றார். "சனிக்கிழமை கடையைப் பூட்ட ஏலாது. கலாவை அனுப்புறன்."

எனக்குச் சுள்ளென்றது. என் முகத்துக்கு நேரே, அதுவும் இவ்வளவு தூரம் வந்து நிற்கிறவளிடம். போயிட்டு வாறன் என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலில் ஏறினேன். டிரரல்கன் வரைக்கும் மனதுக்குள் அவரோடு சண்டை பிடித்தேன். வாரகலில் மழை தொடங்கியது. நான் இருக்கிற ரோவிலுக்கு யார் அந்தப் பெயரை வைத்தார்கள், அதற்கு முதல் அது என்னவாக இருந்தது என்று ஒருநாளும் கேட்டதில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் அதைவிட அந்த 'வரேல்லை'தான் உறுத்திக்கொண்டிருந்தது. ரவியிடம் இருந்து இல்லை என்ற சொல்லை வாங்குவது எவ்வளவு கனம் என்று கையில் எடுத்துப் பார்த்தவள்போல இருந்தேன். ஒரு முழுநாள் அவருடைய கடை வாசலில் நின்ற பிரையன் அதை அத்தனை பேருக்கு முன்னால் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். எனக்காவது கலாவை அனுப்புகிறேன் என்றார்.